மேடை ஏறும் மாலையில் சேலை எவ்வளவு நீளம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல வங்கி இணைப்பு பற்றிப் பேசினோம். இன்னைக்குச் சேலையைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் பின்னாடி சிலர் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா இது அழகுக் குறிப்பு இல்லை. ஒரு சேலை நீளத்தால நம்ம குழு என்ன இழந்துச்சுன்னு கேட்டா உங்களுக்கே புரியும்.

சில வருஷத்துக்கு முன்னால நம்ம குழுக்களுக்கு ஒரு பாராட்டு விழா நடந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு, பெரிய மண்டபத்தில், உயரமான மேடை. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கணும்னு சீருடைச் சேலை வாங்கினோம். கடைக்குப் போய் விலை பேசி எடுத்தவள் நான்தான். 'ஐந்தரை மீட்டர்'னு கடைக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்த ஐந்தரை மீட்டரில் ரவிக்கைத் துணியும் சேர்த்தின்னு நான் கேட்கவே இல்லை. 80 சென்டிமீட்டர் ரவிக்கைக்கு வெட்டினதும் சேலை 4.7 மீட்டர்தான் நின்றது.

விருது வாங்க வேண்டிய அக்கா நல்ல உயரம், வாட்டசாட்டமா இருப்பாங்க. தவணை தவறாமல் கட்டியதற்கான கேடயத்தை வாங்கிட்டு, 'எங்க ஊருக்கு வங்கி ஊழியர் வாரம் ஒரு நாள் வரணும்'னு இரண்டு நிமிஷம் பேசணும். பத்து நாள் மனப்பாடம் பண்ணியிருந்தாங்க. பேரைக் கூப்பிட்டப்போ எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துல இருந்தவரை அனுப்பிட்டாங்க. அவர் கேடயத்தை வாங்கிட்டுப் பேசாமலே இறங்கிட்டார். ஊரே கேட்க நினைத்த கோரிக்கை அந்த மேடையில் ஒலிக்கவே இல்லை.

அப்புறமா கேட்டேன். 'என்னம்மா பண்றது, மூணு கொசுவம்தான் வந்துச்சு, கீழ கணுக்கால் தெரியுது. அவ்வளவு உசரத்துல நின்னா கீழ இருக்கிறவங்க கண்ணு நேரா அங்கதானே இருக்கும்?' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே அக்கா நடவு வயலில் முழங்கால் வரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நிற்பாங்க. அங்கே கூச்சம் இல்லை. ஏன்னா அது சேற்றில் நடக்கறதுக்கான அளவு, அவங்களே முடிவு பண்ணினது. மேடையில் இருந்தது நான் அவங்க மேல சுமத்தின அளவு. கணுக்கால் தெரிவது தப்புன்னு நான் சொல்ல வரலை. யாராவது முறைச்சுப் பார்த்தா அது பார்க்கிறவர் தப்பு. ஆனா உடுப்பைப் பற்றிய நினைப்பு நம்ம வாயை அடைச்சிடக் கூடாது. போட்டதும் மறந்து போற உடுப்புதான் விழாவுக்குச் சரியான உடுப்பு.

இப்போ கணக்குக்கு வருவோம்.

நீளம் வேறு, பன்னா வேறு

ஒரு கஜம் 36 அங்குலம். ஆறு கஜம்னா ஏறக்குறைய 5.5 மீட்டர். ரவிக்கைத் துணியோடு சேர்ந்து வந்தா 6.2 அல்லது 6.3 மீட்டர் இருக்கணும். இந்த நீளம் கொசுவத்துக்கும் முந்தானைக்கும்தான். பாதம் வரைக்கும் இறங்குமா இறங்காதா என்பதைத் தீர்மானிப்பது துணியின் அகலம், அதாவது பன்னா. இதைப் பலர் கவனிப்பதில்லை.

வீட்டிலேயே அளக்கலாம். இடுப்பில் நாடா கட்டும் இடத்திலிருந்து தரை வரை இஞ்ச் டேப் வைத்துப் பாருங்க. 40 அங்குலம் வருதுன்னு வைங்க. உள்ளே செருக 4 அங்குலமாவது வேணும். ஆக 44 அங்குல பன்னா போதும். உயரமானவங்களுக்கு 43 வந்தால் 47 அங்குல பன்னா பார்த்து வாங்கணும். இல்லைன்னா செருகினது அடிக்கடி நழுவும். நழுவுதேன்னு நாடாவை இறுக்கிக் கட்டுவோம். வருஷக் கணக்கில் இறுக்கிக் கட்டின நாடா உரசி, ஆறாத புண்ணாகி, அதில் புற்றுநோய் வந்த இரண்டு பெண்களைப் பற்றி மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் 2024-ல் எழுதியிருக்காங்க. பயப்பட வேண்டாம், அது அபூர்வம். ஆனாலும் அகலமான பட்டை வைத்த பாவாடை நல்லது. இடுப்பில் புண் இருந்தா ஆஸ்பத்திரியில் காட்டுங்க.

விழாவுக்கு உடுத்தும் முறை

1. முதலில் செருப்பைப் போடுங்க, அப்புறம் சேலையைக் கட்டுங்க. அன்னைக்கு எந்தச் செருப்போ அதே செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பைக் கடைசியில் மாட்டினால் சேலை ஒரு அங்குலம் மேலே ஏறிடும்.

2. உள்பாவாடை தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். சேலை பின்பக்கம் தரையைத் தொடலாம். முன்பக்கம் அரை அங்குலம் தூக்கலா இருக்கணும். முன்னால் தரையில் புரண்டா படியேறும்போது கால் மாட்டும்.

3. புதுப் பருத்திச் சேலை தண்ணீரில் சுருங்கும். சேலையையும் பால்ஸ் துணியையும் முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கணும்.

4. கட்டி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்க. இரண்டு படி ஏறி இறங்குங்க. குனிஞ்சு நிமிருங்க. இத்தனைக்கும் நின்ற இடத்தில் நின்றால் மேடைக்குப் போகலாம்.

5. முந்தானை முழங்கால் மட்டத்தோடு நிற்கட்டும். குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டா முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்குங்க. பாலியஸ்டர் நெருப்பில் உருகி உடம்போடு ஒட்டிக்கும். இரவு வண்டியில் திரும்பும்போதும் அப்படியே செருகிக்குங்க. பைக்கில் சேலை கார்டு இருந்தாலும் நீளமான முந்தானை சக்கரத்தில் சிக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு

கல்லூரி விழா, கல்யாண வரவேற்புன்னு பிள்ளைகள் இப்போ தரை வரைக்கும் கவுன் கேட்கிறாங்க. கேட்கட்டும். தையல் தெரிந்த நம்ம உறுப்பினர்கள் செருப்போடு நிற்க வைத்து அளவெடுங்க. தரைக்கு ஒரு அங்குலம் மேலே முடிச்சிடுங்க. வளரும் பிள்ளைன்னா உள்பக்கம் மூன்று அங்குலம் மடிப்பு விடுங்க. நம்ம அம்மாக்கள் பாவாடைக்கு டக் பிடிச்சு, வருஷம் ஒண்ணா பிரிச்சு விட்டாங்களே, அதே கணக்குதான். ஒரு மாலைக்குன்னு ஆயிரக்கணக்கில் செலவழிச்சு அடுத்த வருஷம் போட முடியாமப் போறதை விட இது மேல்.

குழுவாக வாங்கும்போது

மறுபடி சீருடை எடுத்தால் என்னை மாதிரி தலையாட்டிட்டு வராதீங்க. ரவிக்கைத் துணி சேர்த்தியா, தனியான்னு கேளுங்க. ஒரு சேலையைப் பிரிச்சு நீளமும் பன்னாவும் அளந்து பாருங்க. குழுவிலேயே உயரமானவங்க, பருமனானவங்க இரண்டு பேரைக் கூட்டிட்டுப் போய் கட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அவங்களுக்குச் சரின்னா எல்லோருக்கும் சரி. விழாவுக்காகச் சேலை வாங்க உள்கடன் எடுக்க வேண்டாம். சீருடை வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாலும் வற்புறுத்தாதீங்க.

அந்த அக்கா என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. நான் அவங்க வீட்டுக்கே போய், தப்பு என்னுடையதுன்னு சொன்னேன். அடுத்த வருஷம் சீருடை வைக்கலை. தன் பழைய சுங்குடிச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிட்டு வந்தாங்க. மேடை ஏறினாங்க. இரண்டு நிமிஷம்னு சொன்னது ஐந்து நிமிஷம் ஆச்சு. ஒரு தடவை கூட கீழே குனிஞ்சு காலைப் பார்க்கலை.

அடுத்த கூட்டத்துக்குக் குழுவுக்கு ஒரு இஞ்ச் டேப் கொண்டு வாங்க. உட்கார்ந்து அளந்து, அவரவர் அளவை நோட்டில் எழுதி வைப்போம். சேமிப்புக் கணக்கு எழுதுற கைக்கு இதுவா கஷ்டம்?