லூப்பஸ் நோயாளிக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

(ஏரல் வட்டாரச் சபைகளின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் பேசியது. நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே தருகிறோம்.)



மருத்துவமனைப் போதகரைக் கூப்பிட்டால் வேதபகுதி ஒன்றை எடுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் எண்ணெயைப் பற்றிப் பேசப் போகிறேன். உங்கள் சங்கச் செயலாளர் அம்மா எனக்கு எழுதிய கடிதத்தில், "எங்கள் சபையில் லூப்பஸ் வியாதியுள்ள பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் கைகால் வலி என்று அழுகிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று கேட்டிருந்தார்கள். நான் வைத்தியன் அல்ல, வேதசாஸ்திரம் படித்தவன். ஆகையால் நம் டாக்டர்களிடம் உட்கார்ந்து, கேட்டு எழுதிக்கொண்டு வந்ததையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

லூப்பஸ் என்றால் லத்தீன் பாஷையில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்தது போல இருக்கிறதென்று அந்தக் காலத்து வைத்தியர்கள் வைத்த பெயர் அது. நம் சரீரத்துக்குள் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவலே வீட்டுக்காரரைத் திருடன் என்று எண்ணி அடித்தால் எப்படியோ, அப்படித்தான் இந்த வியாதி. மூட்டு, தோல், ரத்தம், சிறுநீரகம் எதையும் அது தொடலாம். இந்த வியாதி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

ஆனால் நம் ஊரில் மூட்டு வலிக்கு ஒரே பெயர்தான்: வாதம். வாதத்துக்கு ஒரே மருந்துதான்: எண்ணெய். தாமிரபரணிக் கரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்போம், தைலம் தடவுவோம், சுளுக்கு எடுக்கிறவரிடம் போவோம், சீசன் வந்தால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்போம். சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டுவது, பிடிப்பது, முறுக்குவது, அழுத்துவது, இழுப்பது, அசைப்பது என்று அதில் ஒன்பது வகை சொல்லுகிறார்கள். தட்டுவதும் முறுக்குவதும் ஒன்றல்ல என்று நம் முன்னோருக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் எல்லாம் "தேய்த்துவிடு" என்ற ஒரே சொல்லாகிவிட்டது.

ஒரு குடும்பத்தின் காரியத்தைச் சொல்லுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண். லூப்பஸ் என்று தெரிந்து இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள். தாயார் தினமும் படுக்கப் போகுமுன் அவள் கைகாலைப் பிடித்துவிடுவார்கள். அதனால் அவளுக்குத் தூக்கமும் வந்தது. ஒருநாள் இடது கெண்டைக்கால் மாத்திரம் வீங்கியது. ஆச்சி "சுளுக்குத்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்" என்றார்கள். தாயாரும் இரண்டு நாள் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் சுளுக்கு எடுக்கிற பெரியவரை வீட்டுக்கு அழைத்தார்கள். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, சுடுது. இது சுளுக்கு இல்லம்மா. நான் தொடமாட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். காசும் வாங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாயிருந்தது. அந்தப் பெரியவரை நான் எங்கே கண்டாலும் கும்பிடுகிறேன்.

இது ஏன் என்று டாக்டர் விளக்கினார்கள். லூப்பஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய ரத்தத்தில், எளிதில் உறைந்துபோகச் செய்யும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறதாம். 1983-இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற வைத்தியர் இதைப் பற்றி விவரமாக எழுதினார். பலருக்கு அது இருந்தும் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் காலில் கட்டி உண்டாகிறது. சில பெண்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைகிறது. (அப்படிக் கரு கலைந்த மருமகளை நாம் என்னென்ன பேசியிருக்கிறோம்! இது ரத்தத்தில் உள்ள காரியம், தாய்மாரே.) காலில் உறைந்த ரத்தக்கட்டியை அழுத்தி உருவினால் அது பிய்ந்து, ரத்தத்தோடே ஓடி நுரையீரலில் போய் அடைக்கலாம். அங்கே அடைத்தால் சில நிமிஷங்களில் உயிர் போகக்கூடும்.

ஆகையால் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதிருங்கள். லூப்பஸ் உள்ளவருக்கு ஒரு கால் மாத்திரம் வீங்கி, வலித்து, சூடாயிருந்தால் அந்தக் காலில் கையே வைக்கக்கூடாது. எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வரவேண்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு கால்களும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் அது வேறு காரியம். சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். தேய்த்து வற்றுகிற வீக்கம் அல்ல அது.

அடுத்தது எலும்பு. இந்த வியாதிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். 1948-இல் மூட்டுவாதத்துக்கு முதலில் பயன்பட்ட மருந்துவகை அது. அதைக் கண்டவர்களுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அநேக லூப்பஸ் நோயாளிகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு மெலிகிறது, தோல் மெல்லியதாகிறது, சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பே செத்துப்போகிறது. அப்படிப்பட்டவர் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏலே, ஏறி முதுகை மிதி" என்று பேரப்பிள்ளையைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? சிரிக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இது நடக்கிறதென்று எனக்குத் தெரியும். மெலிந்த முதுகெலும்பு அந்தச் சின்னப் பாரத்துக்கே நொறுங்கலாம். குற்றாலத்துப் பேரருவி தலையிலும் தோளிலும் விழுகிற வேகமும் அப்படித்தான். சிறு அருவியில், ஓரமாய் நின்று குளிக்கட்டும். இடுப்பிலோ தொடைச்சந்திலோ விடாத வலி இருந்தால் காலை இழுத்து நெட்டி எடுப்பதற்கு முன்னே படம் எடுக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது யாருக்குமே நல்லதல்ல. முடிதிருத்தும் கடைக்குப் போகிற ஆண்பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். லூப்பஸ் உள்ள பத்தில் ஒருவர் ஆண்.

சிலருக்கு ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும். சிலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். இவர்களை அழுத்திப் பிடித்தால் விரல் பட்ட இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போகும். அப்படிக் கன்றியிருப்பதைக் கண்டால் டாக்டரிடம் சொல்லவேண்டும். முகத்திலும் கையிலும் தடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் எண்ணெய் படவேண்டாம்; கற்பூரம் சேர்ந்த தைலம் எரிச்சலைக் கூட்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், பலருக்கும் ஒரே துண்டும் ஒரே கிண்ணத்து எண்ணெயும் உபயோகிக்கிற கடைகளுக்குப் போகாதிருப்பது நல்லது.

இன்னொன்று. எண்ணெய் தேய்த்தபின் என்ன செய்வோம்? முற்றத்தில் வெயிலில் உட்காருவோம். மற்றவர்களுக்குச் சுகம். லூப்பஸ் உள்ளவருக்கு வெயில் பகை. வெயில் பட்டால் தோல் மாத்திரமல்ல, உள்ளே அடங்கியிருந்த வியாதியும் கிளம்பலாம். தேய்த்ததால் நோய் கூடிவிட்டது என்று சிலர் சொல்லுவதுண்டு. அநேக வேளைகளில் தேய்த்ததைவிட, தேய்த்தபின் உட்கார்ந்த வெயில்தான் காரணமாயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் தொடவே கூடாதா? இந்தக் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதில் எனக்கு ஆறுதலாயிருந்தது. வியாதி அடங்கியிருக்கும் நாட்களில், காய்ச்சல் இல்லாதபோது, மூட்டு சிவந்து வீங்காதபோது, ரத்தக்கட்டி இல்லையென்று தெரிந்தபோது, இளஞ்சூடான சாதாரண எண்ணெயை மெதுவாய்த் தடவிவிடலாம். தசைவலி தணியும், தூக்கம் வரும். லூப்பஸ் அதனால் குணமாகாது. ஆனால் மெதுவான கை லூப்பஸைக் கிளப்பிவிடுவதும் இல்லை. எவ்வளவு அழுத்தலாம் என்பதை வலிக்கிறவள் சொல்லட்டும், தேய்க்கிறவர் தீர்மானிக்க வேண்டாம். மறுநாள் வலி கூடியிருந்தால் நேற்று அழுத்தியது அதிகம். வெளியே போய்த் தேய்த்துக்கொள்ளுகிறவர்கள், தேய்க்கிறவரிடம் தங்கள் வியாதியையும் மாத்திரைகளையும் முன்னதாகவே சொல்லவேண்டும். பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகிறவர்களும் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இனி என் மனதை மிகவும் வருத்துகிற காரியம். எண்ணெய் செய்யும் கேட்டைவிட, எண்ணெயோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வார்த்தை செய்யும் கேடு பெரிது. "நாப்பத்தோரு நாள் தேய்க்கிறேன், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திப்போடு" என்பதே அது. ஜெபக்கூட்டங்களிலும் இதைச் சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் நம் சகோதரர்களே ஆனாலும் சொல்லாமலிருக்க முடியாது. மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு அப்போஸ்தலன் எழுதியிருக்கிறார். நானும் பூசி ஜெபிக்கிறேன். மருந்தை எறிந்துவிடும்படி அங்கே எழுதியிருக்கவில்லை. ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்ட சரீரம், தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கி, உயிருக்கே ஆபத்தாகும். குறைப்பதானால் டாக்டர்தான் படிப்படியாய்க் குறைக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? ஏரல் பாலம் அறுந்து, இக்கரையில் உள்ளவர்கள் அக்கரைக்குப் போகமுடியாமல் கிடந்தோம். அந்த நாட்களில் மாத்திரை தீர்ந்துபோனால் வாங்க வழியில்லை. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மச்சிலோ உயரமான இடத்திலோ வைத்திருங்கள். பக்கத்தில் சீட்டின் நகலும் இருக்கட்டும்.

செயலாளர் அம்மா குறிப்பிட்ட அந்த இரண்டு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நம் டாக்டர் அம்மா பின்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி உள்ளவர்கள் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராய்ப் போகலாம். தேய்த்துவிடுகிற தாய்மாரும் கூடவே போங்கள்.