குழந்தை காதில் விழுகிற பேச்சு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் சோறு பற்றிப் பேசுறேன்.

2018 ஜூலையில் நம்ம அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சத்துணவு சமைக்க வந்த அம்மா அருந்ததியர் சமூகம். "அவங்க சமைச்சா எங்க புள்ளைக சாப்பிடாது" என்று சில பெற்றோர் திரண்டு வந்து நின்றார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவையே இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அவர் அதே பள்ளிக்குத் திரும்ப முடிந்தது. வழக்கு நடந்து, 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெரியவங்களுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆறாம் வகுப்பு படித்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தப்போ பதினெட்டு வயசு இருக்கும். அதன் காதில் விழுந்த பேச்சை எந்தக் கோர்ட்டுங்க எடுக்கும்?

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும் காலை உணவை இப்படித்தான் சில குழந்தைகள் ஒதுக்கினார்கள். அங்கே சமைத்தவர் நம்மைப் போல சுய உதவிக் குழுப் பெண். அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகளும் சாப்பிட்டார்கள். பசிச்ச புள்ளைக்குச் சாதி தெரியாதுங்க. பெரியவங்க தள்ளினால் தள்ளும், தின்றால் தின்னும்.

என் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்றேன். எங்க லைன் வீட்டில் பக்கத்தில் ஒரு ஒடிசாக் குடும்பம். அவங்க குழந்தை கொடுத்த சப்பாத்தியை என் பேத்தி திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். "ஏன் கண்ணு?" என்றேன். "அவங்க சுத்தமில்லேன்னு நீதானே சொன்னே, அமுச்சி" என்றாள்.

நான் அவளுக்குச் சொல்லவே இல்லீங்க. என் தங்கச்சிகிட்ட போனில் சொன்னது. பக்கத்தில் விளையாடிக்கிட்டு இருந்தாள், அவ்வளவுதான்.

அந்தச் சப்பாத்தியை எடுத்து அவள் பார்க்கவே தின்றேன். மறுநாள் எங்க வீட்டுச் சந்தவை ஒரு தட்டு அங்கே போனது. கொண்டுபோய்க் கொடுத்தது பேத்திதான்.

குழுவில் ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். ஒருத்தி கடனுக்குப் பத்துப் பேர் பொறுப்பு ஏற்கிறோம். ஆனால் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

ஒரே ஒரு கோரிக்கை. இனிமேல் குழுக் கூட்டத்தை ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டில் வைப்போம். யாரையும் விட்டுவிடாமல், எல்லார் வீட்டிலும். அங்கேயே டீ குடிப்போம். புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போவோம். நாம சொல்றதை அதுக மறந்தாலும் மறக்கும். நாம குடிச்ச டீயை மறக்காது.