கணக்கும் கறியும்



முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்தவன் நான். நேர்விகிதத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினேன் என்பதற்கு அளவே இல்லை. அந்த நேர்விகிதமே என்னைக் கைவிட்ட கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் பிழை செய்த இடம் பள்ளிக்கூடம் அன்று. என் வீட்டு அடுப்பங்கரை.

பிள்ளைகள் வேலைக்கென வெளியூர் சென்றபின், வீட்டில் நானும் என் மனைவியுமாக இருவரே. சென்ற மழைக்காலத்தில் அவள் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். காய்ச்சல் தணிந்தும் உணவு செல்லவில்லை. காரமும் எண்ணெயும் இன்றி, இறைச்சியும் கிழங்கும் சேர்த்து இலேசாகச் சமைத்துக் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். ஆட்டுக்கறி ஸ்டூ செய்வதென்று துணிந்தேன்.

விருந்து நாட்களில் பதினாறு பேருக்கு அவள் சமைக்கும் அளவு என் குறிப்பேட்டில் இருந்தது: இறைச்சி 2 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், வேகும் நேரம் ஒன்றேகால் மணி. இருவருக்கு எட்டில் ஒரு பங்கு. ஆகவே இறைச்சி 250 கிராம், தண்ணீர் 375 மில்லி லிட்டர். பத்து நிமிடத்தில் ஆட்டுக்கறி வேகாது என்பது எனக்கும் தெரியும் ஆதலால், நேரத்தை மட்டும் வகுக்கவில்லை. அகன்ற பாத்திரத்தை மூடாமல் ஏற்றிவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

அரைமணிக்குள் தீய்ந்த நாற்றம் எழுந்தது. உள்ளேயிருந்து மெலிந்த குரலில், "என்னங்க, கணக்கிலே தப்பு வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அன்று அவள் குடித்தது வெறுங்கஞ்சி. அதை ஏந்திச் சென்றபோது எனக்கு உண்டான நாணம் சிறிதன்று.

எங்கே பிழை? தண்ணீர் ஆவியாகும் வேகம், பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. தீயின் வேகத்தையும், பாத்திரத்தின் வாயகலத்தையும், மூடியையும் பொறுத்தது. வேகும் நேரமோ மொத்த எடையைவிடத் துண்டின் பருமனையும் இறைச்சியின் தன்மையையுமே பொறுத்தது. தசைநார்களைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம், வெந்நீரில் நெடுநேரம் கிடந்தால்தான் ஜெலட்டினாக இளகும். எட்டில் ஒரு பங்கு கறியானாலும் அதற்கு வேண்டிய பொழுது குறைவதில்லை.

மறுநாள் வாய் குறுகிய சிறு பாத்திரத்தை எடுத்தேன். கறியுடன் 750 மில்லி லிட்டர் தண்ணீர், ஆறு சின்ன வெங்காயம், சிறு துண்டு இஞ்சி, தட்டிய மிளகு எட்டு. கொதி வந்ததும் மேலே திரண்ட நுரையை அகப்பையால் நீக்கினேன். பின்பு மூடியிட்டு, ஓரிரு குமிழிகள் மட்டும் எழும்பும்படி தீயைத் தணித்தேன். ஐம்பது நிமிடம் சென்றபின் காரட் ஒன்றும், உருளைக்கிழங்கு ஒன்றும், முள்ளங்கி பாதியும் நறுக்கிச் சேர்த்தேன். முதலிலேயே இட்டிருந்தால் அவை குழைந்து போயிருக்கும். காரட்டும் முள்ளங்கியும் வேர். உருளைக்கிழங்கோ மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் துண்டுகள் இரண்டை மசித்துவிட்டால் மாவின்றியே சாறு திரண்டுவிடும். மேலும் இருபத்தைந்து நிமிடம் வெந்தபின் உப்பிட்டேன். நீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகையால் உப்பைக் கடைசியில் இடுவதே இருவர் சமையலுக்குக் காப்பு.

இளைஞர்களே, சூத்திரம் பொய்யன்று. எது எதனோடு மாறும், எது மாறாது என்று கேளாமல் சூத்திரத்தைக் கையாண்டதே என் குற்றம். தேர்வுத்தாளில் அக்கேள்விக்கு ஆசிரியரே விடை கூறிவிடுகிறார். வாழ்க்கையில் நாமே கேட்டறிய வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும், நோயுற்ற ஒருவருக்கு ஒரு வேளை உணவு சமைக்கும் அளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். அறுபது வயதுவரை காத்திராதீர்கள்.

அன்று அவள் ஒரு கிண்ணம் உண்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்றாள். இருவருக்குச் சரியாகவே சமைத்திருந்தேன். என் பங்கில் பாதியை அவள் கிண்ணத்தில் ஊற்றினேன். அந்தக் கணக்கில் எனக்குக் குறைவு ஒன்றும் தோன்றவில்லை.