நாள்தோறும் சுமக்கும் பாரமும் நம் முதுகும்



தோட்டப்புறத்தில் வாழ்கின்றவர்களுக்குச் சுமை என்பது புதிய செய்தி அன்று. தோளில் காண்டாக் கம்பை வைத்து, முன்னும் பின்னும் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் ஸ்டோருக்கு நடந்தவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும். ரப்பர்ப் பால் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். வாளிக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தோளின் மேல் 30 கிலோ ஏறிவிடுகிறது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. காண்டா இருந்த இடத்திற்குத் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. ஆனால், சுமை நம்மை விட்டுப் போய்விடவில்லை. வெட்டி வீழ்த்திய பழக்குலை ஒவ்வொன்றும் 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கிறது. உர மூட்டை 50 கிலோ. உரம் போடும் பெண்கள் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிரை நிரையாக நடக்கிறார்கள். உதிரிப் பழம் பொறுக்குகின்றவர்கள் நாள் முழுவதும் குனிந்தே இருக்கிறார்கள். வீட்டிற்கு வந்தால் கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, தண்ணீர் வாளி. காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் முதுகிலும் ஒரு மூட்டை.

இந்தச் சுமைகள் நம் உடம்பை என்ன செய்கின்றன, நாம் என்ன செய்து கொள்ளலாம் என்பதை இன்று காண்போம். "கனமான பொருளைத் தூக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், தூக்கினால்தான் சம்பளம் என்றிருக்கும் வீட்டில் அந்தப் பேச்சுக்குப் பயன் இல்லை. ஆகவே, எப்படித் தூக்குவது என்பதைப் பற்றியே பெரிதும் பேசுவோம்.

முதலில் முதுகெலும்பின் அமைப்பைத் தெரிந்து கொள்ளுங்கள். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என, அசையக்கூடிய 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. தட்டின் ஓரம் நார் போல் உறுதியானது. நடுப்பகுதி கூழ் போன்றது. அதில் நீர் மிகுதி. நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குபவை இவைதாம்.

பகல் முழுவதும் பாரம் அழுத்த அழுத்த, இந்தத் தட்டுகளில் உள்ள நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. அதனால் மாலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, சிலருக்கு அதற்கு மேலும் குறைந்துவிடுகிறது. இரவில் படுத்து உறங்கும்போது தட்டுகள் மறுபடியும் நீரை உறிஞ்சிக்கொண்டு பழைய நிலைக்கு வருகின்றன. உறக்கம் முதுகுக்கு மருந்து என்பது வெறும் பேச்சு அன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விடியற்காலையில் எழுந்தவுடன் தட்டுகள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கின்றன. அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் தட்டுக்கு ஏற்படும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். ஆகவே, பாயை விட்டு எழுந்ததும் குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்காதீர்கள். முகம் கழுவி, தேநீர் வைத்து, அங்குமிங்கும் நடந்து, அரைமணி நேரம் கழித்துக் கனமான வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து, ஒரு சுமை இடுப்பில் எவ்வளவு பாரமாக மாறுகிறது என்று பார்ப்போம். பிள்ளைகள் விளையாடும் ஏற்றப்பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். நடுக்கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை, தூரத்து முனையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் மேலே தூக்கிவிடுகிறான். நம் உடம்பிலும் இதே கணக்குத்தான். இடுப்பெலும்பு நடுக்கட்டை. முதுகுத் தசை அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கையை நீட்டிச் சுமையைப் பிடித்தால், சுமை 50 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதாவது பத்து மடங்கு. 10 கிலோ எடையுள்ள பழக்குலையைக் கை நீட்டிப் பிடித்தால், முதுகுத் தசை 100 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் நம் மேலுடம்பின் எடை இதற்கு மேல் தனி.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. 1999ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆய்வாளர்கள், ஒருவருடைய இடுப்புத் தட்டுக்குள் சிறிய அளவுகருவியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது, அழுத்தம் சும்மா நிற்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஏறியது. முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றபோது இரண்டு மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே இருந்தது. முழங்காலை மடக்குவது நல்லது. சுமையை உடம்போடு சேர்த்துக்கொள்வது அதனினும் நல்லது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

எவ்வளவு தூக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்குக் கணக்கு இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில், உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கு ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ. அதே சுமை தரையில் இருந்தால் ஆண்களுக்கு 10 கிலோ, பெண்களுக்கு 7 கிலோ. பாருங்கள், தரையிலிருந்து தூக்குவது எவ்வளவு கடினம் என்று! ஆகவே, உர மூட்டையையும் அரிசி மூட்டையையும் தரையில் போடாமல், ஒரு திண்ணையிலோ மேசையிலோ வைத்தால் பாதிப் பாரம் குறைந்தது போல் ஆகும். 50 கிலோ மூட்டையை ஒருவர் தனியாகத் தூக்குவது வீரம் அன்று. இருவர் சேர்ந்து இறக்குங்கள். அல்லது மூட்டையைப் பிரித்து வாளி வாளியாக எடுங்கள்.

இனி, தோளையும் கையையும் பற்றிச் சில சொற்கள். ஒரு கையில் மட்டும் கனமான வாளியைத் தூக்கினால், உடம்பு மறுபக்கம் சாய்கிறது. சாயாமல் பிடித்து நிறுத்த, எதிர்ப்பக்கத் தசைகள் விடாமல் இழுக்கின்றன. அந்த இழுப்பும் முதுகெலும்பின் மேல் பாரமாகவே விழுகிறது. 20 லிட்டர் தண்ணீரை ஒரு வாளியில் கொண்டு வருவதைவிட, இரண்டு வாளிகளில் பத்துப் பத்தாக இரு கைகளிலும் கொண்டு வருவது மேல். காண்டாவிலும் இந்த நன்மை இருந்தது. முன்னும் பின்னும் எடை சமமாக நின்றது. ஆனால், முழுப் பாரமும் தோளில் ஓர் இடத்தையே அழுத்தியது. தோளுக்கு மேலே கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. அந்த இடம் தொடர்ந்து நசுங்கினால் கை மரத்துப் போகும். விரல்களில் ஊசி குத்துவது போல் இருக்கும். மருந்து தெளிக்கும் தோம்பையோ, வேறு எந்தச் சுமையையோ தோளில் மாட்டுபவர்கள் அகலமான பட்டையைப் பயன்படுத்த வேண்டும். இடையிடையே இறக்கி வைத்துக் கைகளைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும்.

உரம் போடும் தாய்மார்களே, வாளியை எப்போதும் ஒரே இடுப்பில் இடுக்காதீர்கள். ஒரு நிரைக்கு இடப்பக்கம், அடுத்த நிரைக்கு வலப்பக்கம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். உரத்தை வீசும்போது இடுப்பை மட்டும் திருப்பாமல், காலையும் சேர்த்துத் திருப்புங்கள். பாரத்தோடு இடுப்பைத் திருகுவதுதான் தட்டுக்குப் பெரிய பகை. கருவுற்றிருக்கும் பெண்களின் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். வயிற்றின் எடையும் முன்னுக்கு இழுக்கும். அவர்கள் கனமான சுமை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொல்லி வேலையை மாற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பிள்ளைகளின் பள்ளிப்பைக்கு வருவோம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பலரும் கூறும் அளவு. 20 கிலோ எடையுள்ள முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலே ஒரு கிலோவை எடுத்துக்கொள்கிறது! கனமான பையைச் சுமந்தால் பிள்ளையின் தலையும் கழுத்தும் முன்னுக்கு வளைகின்றன. தோளில் பட்டை பதிகிறது. பிள்ளை களைத்துப் போய் வகுப்பில் உட்காருகிறது.

அதே வேளையில், பை சுமந்தால் முதுகு நிரந்தரமாகக் கோணிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பிள்ளைகளின் முதுகுவலிக்குப் பள்ளிப்பைதான் காரணம் என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்பது அதன் முடிவு. ஒரு தோள் உயர்ந்தும் மறு தோள் தாழ்ந்தும் இருந்தால், பையைக் குறை சொல்லிக்கொண்டு இருந்துவிடாமல், பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பை இலேசாக இருக்கப் பெற்றோர் செய்யக்கூடியவை சில. இரவில் பிள்ளையோடு உட்கார்ந்து, மறுநாள் கால அட்டவணையைப் பார்த்து, தேவையற்ற புத்தகங்களை எடுத்துவிடுங்கள். கனமான புத்தகங்களை முதுகை ஒட்டி வையுங்கள். இரண்டு பட்டைகளையும் இரு தோள்களிலும் மாட்டச் சொல்லுங்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்கக்கூடாது. 2022ஆம் ஆண்டில் மலேசியக் கல்வி அமைச்சு கனமான பைகளின் சுமையைக் குறைக்க நடவடிக்கைகளை அறிவித்தது. முதல் மூன்று ஆண்டு மாணவர்கள் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லப் பூட்டுப்பெட்டி தருவதும் அவற்றுள் ஒன்று. உங்கள் பிள்ளையின் தமிழ்ப்பள்ளியில் இதற்கு என்ன ஏற்பாடு என்பதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள்.

நேயர்களே, எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாட்களில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முன்னாளில் மருத்துவர்களே பலகையில் நாட்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. ஓரிரு நாள் கனமான வேலையைக் குறைத்துக்கொண்டு, முடிந்த அளவு நடமாடிக்கொண்டிருந்தால்தான் விரைவில் குணமாகிறது. பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தைலம் தேய்ப்பதும் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் ஆறுதல் தரும். ஆனால், முதுகை முறுக்கிச் சுளுக்கு எடுக்க இடம் கொடுக்காதீர்கள்.

சில அறிகுறிகள் தோன்றினால் காத்திருக்கக் கூடாது. வலி கால்வரை இறங்கிப் பாதம் மரத்துப் போனாலும், கால் வலுவிழந்து தடுக்கினாலும், விழுந்தபின் வலி வந்தாலும், வலியோடு காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமற் போனாலும், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாள் கடத்தினால் நரம்பு மீளாமற் போகலாம்.

வேலை செய்யும்போது இடுப்பில் அடிபட்டால், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று மறைக்காதீர்கள். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம், எந்த வேலையில், எந்த நேரத்தில், எதைத் தூக்கியபோது வலித்தது என்று சொல்லி எழுதி வாங்குங்கள். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தொழிலாளர்களுக்காக 1971ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வேலையில் நேர்ந்த விபத்தை முதலாளி தமக்குத் தெரிந்த 48 மணி நேரத்திற்குள் அதற்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டால் அவர் அறிவிப்பதற்கும் வழி இல்லை. உங்களுக்குச் சேர வேண்டிய உதவியும் வராது.

மண்வெட்டி மழுங்கினால் தீட்டிக்கொள்கிறோம்; தள்ளுவண்டியின் சக்கரம் தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறோம். முதுகெலும்புக்கு மாற்று இல்லை. சுமையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள்; இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள்; திருகாதீர்கள்; வலித்தால் சொல்லுங்கள். இன்று இரவே உங்கள் பிள்ளையின் பையை ஒருமுறை கையில் தூக்கிப் பாருங்கள்.