மிரியாமுக்காகப் பாளயம் நின்றது



பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாரே, ‘தனித்து வைக்கப்பட்ட காலத்தில் தேவ நோக்கம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் இதை ஒரு விதவையிடம் யார் சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் மேலே பேச முடியாது.

நம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. மணப்பெண்ணின் தாய் கணவரை இழந்தவர். சேலை எடுத்தது அவர், நகைக்கடைக்கு அலைந்தது அவர், பந்திக்கு அரிசி அளந்து போட்டதும் அவர். ஆலயத்தில் தாலித் தட்டை முன்னே கொண்டுபோகிற நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி அவர் முழங்கையைப் பிடித்து, “நீங்க கொஞ்சம் தூணுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க மைனி” என்றாள். நின்றார். பெற்ற மகளின் தாலியைத் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு பந்தியில் அதே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஆண்டவர் உங்களை ஒரு நோக்கத்துக்காகத்தான் தனிச்சு வெச்சிருக்கார்” என்று ஆறுதல் சொன்னாள். தள்ளி நிறுத்தியது இவள் கை. பழி ஆண்டவர் மேல்!

எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். மிரியாமும் ஆரோனும் சேர்ந்துதான் மோசேக்கு விரோதமாகப் பேசினார்கள். குஷ்டம் மிரியாமுக்கு மட்டும் வந்தது. (அது ஏன் என்று குருமார் யாராவது ஒருநாள் பிரசங்கம் பண்ணுங்கள்; நானும் காத்திருக்கிறேன்.) ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே வைத்தார்கள். அவள் திரும்பி வந்து சேருமட்டும் ஜனங்கள் பிரயாணப்படவில்லை. கூடாரத்தைச் சுருட்டவில்லை, ஆட்டுமாட்டை ஓட்டவில்லை. அத்தனை பெரிய கூட்டம் ஒரு பெண்ணுக்காக வனாந்தரத்தில் ஒரு வாரம் நின்றது. குற்றம் செய்தவளுக்கே பாளயம் நின்றது. ஒரு குற்றமும் செய்யாத விதவைக்கும், பிள்ளையில்லாதவளுக்கும், புருஷன் விட்டுப்போனவளுக்கும் நம் சபை எத்தனை நாள் நிற்கிறது?

நாம் நிற்காவிட்டாலும் அவர்கள் சும்மா இருந்ததில்லை. பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று சொல்லிக்கொண்டே கடந்து போகிறோமே, அந்த அம்மாள் யார்? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, கிளாரிந்தா. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். ஊரும் உறவும் தள்ளிவிட்டன. ஞானஸ்நானம் கேட்டார், அந்த அதிகாரிக்கும் அவருக்கும் முறைப்படி திருமணம் ஆகவில்லை என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். உறவும் இல்லை, சபையும் இல்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர் மகா பெரிய ஊழியர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மறுப்பில் அவருடைய சட்டம் தெரிந்த அளவுக்கு அந்தப் பெண்ணின் தாகம் தெரியவில்லை என்பதுதான் என் எண்ணம்.

லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல், அதே ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதின சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. 1785-இல் அவர் கட்டிய ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் ஐயரே பிரதிஷ்டை பண்ணினார். வாசலில் நிறுத்தப்பட்டவள் வாசலையே கட்டிக்கொடுத்தாள். திருநெல்வேலித் திருச்சபை இந்த விதவையின் பெயரிலிருந்து தொடங்குகிறது. இதே மண்ணில் ஒரு தாயைத் தூணுக்குப் பின்னால் நிறுத்துகிறோமே, நமக்கு வெட்கமில்லையா?

உடனே யாராவது, டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்காட்டுவார்கள். 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் மரிக்கும் வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் வாழ்க்கை. அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். ‘பாருங்கள், ஒதுங்கின காலத்தை எப்படிப் பயன்படுத்தினார்!’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அறையைச் சுற்றி என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை அம்மா என்று கூப்பிட்ட ஒரு பெரிய குடும்பமே இருந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள், யோசனை கேட்டார்கள், அவர் எழுதியதை வாசித்தார்கள். அவர் உடம்புதான் படுக்கையில் கிடந்தது; அவரை யாரும் ஒதுக்கவில்லை. அப்படி ஒரு சூழலைத் தராமல், அந்த அம்மையாரின் பொறுமையை மட்டும் நம் விதவைகளிடம் கேட்பது அநியாயம்.

தனிமையில் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனிமையில் ஜெபம் ஆழப்படும், வேதம் வேறு மாதிரி பேசும். ஆலயத்தை விட்டு நீங்காதிருந்த அன்னாள் முதிர்ந்த விதவை. குழந்தை இயேசுவைக் கண்டதும் எருசலேமில் காத்திருந்தவர்களிடம் அவரைப்பற்றிப் பேசினாள். இவையெல்லாம் நடக்கிற காரியங்கள். அப்படி ஒரு நோக்கம் தனக்குக் கிடைத்தது என்று ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொன்னால் தலைவணங்கிக் கேட்பேன். அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அவளைத் தள்ளி நிறுத்திய நமக்குக் கிடையாது.

பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் சேகர கமிட்டிப் பெரியவர்களே, ஒரு காரியம் கேட்கிறேன். இனி இந்தச் சேகரத்தில் நடக்கும் திருமணங்களில் மணப்பெண்ணின் தாய் விதவையானாலும் அவரே தாலித் தட்டைச் சுமந்து வரட்டும். ஐயரவர்கள் அதைப் பலிபீடத்துக்கு முன்பாக அவர் கையிலிருந்தே வாங்கட்டும். இன்று மாலைக் கூட்டம் கலையுமுன் தீர்மானமாக எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.