கீறலும் மெருகும்



காங்கேசன்துறைக் கடற்கரையில் விடியற்காலம் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் நிற்கின்றது. வீட்டில் மகளின் திருமணம் நெருங்கிவிட்டது. மணமகள் அந்தக் காரிலேதான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது பாட்டனாரின் விருப்பம். ஆகவே, முதல் நாள் அதனை மெருகூட்டும் நிலையம் ஒன்றிற்கு அனுப்பினார்கள். மாலையில் அது திரும்பி வந்தபோது மின்விளக்கின் ஒளியிற் பளபளத்தது, அனைவரும் மகிழ்ந்தனர். மறுநாட் காலை வெயில் ஏறிய பின்னரே உண்மை தெரிந்தது. கதிரவனின் நிழலுரு தோன்றும் இடமெல்லாம் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமான கீறல்கள். முன்சக்கரத்தின் மேலுள்ள மட்காட்டின் விளிம்பிலே ஒரு விரல் நீளத்திற்கு நீலம் முற்றாகப் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இந்தக் குடும்பம் ஓர் உதாரணமாகவே இங்கே கூறப்படுகின்றது. ஆயினும் இத்தகைய முற்றங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனையோ உண்டு. ஒரு காரிற் கீறல் விழுந்ததற்கு இவ்வளவு கவலையா என்று வெளியூரவர் கேட்கலாம். குடாநாட்டின் கதையை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். 1950, 1960ஆம் ஆண்டுகளில் இங்கு வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வாடகை வண்டிகளாகவும் வீட்டு வண்டிகளாகவும் தலைமுறைகளைத் தாண்டி உழைத்தவை. 1990ஆம் ஆண்டிற்குப் பின்னர் எரிபொருள் தடையினால் பெற்றோல் அருமையானபோது, சில துளி பெற்றோலிலே இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே ஓட்டப்பட்டவை. நோயாளரையும் பிரசவத் தாய்மாரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தவை. வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில் அவர்களோடு தாமும் இடம்பெயர்ந்தவை. பிற்காலத்திலே, 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் உள்ள வண்டியைப் பேணிக் காப்பதே எல்லோர்க்கும் வழியாயிற்று. எனவே, காரின் மேனியிலுள்ள தீந்தை அழகுக்கு மாத்திரம் உரியதன்று. உப்புக் காற்றுக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கும் ஒரே சுவரும் அதுவே.

அந்தச் சுவரின் தடிப்பு எவ்வளவு? இக்காலத்துக் கார்களிலே தொழிற்சாலையிற் பூசப்படும் தீந்தை முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்கிரோன் வரையிலேதான் இருக்கும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்கிரோன் எனப்படும். மனிதரின் தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 70 மைக்கிரோன் தடிப்புள்ளது. அஃதாவது, காரின் முழுப் பூச்சும் இரண்டு மயிரிழைகளின் தடிப்பே. அதனுள்ளும் அடுக்குகள் உள. உலோகத்தை ஒட்டித் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு. நாம் காணும் பளபளப்பு இந்தத் தெளிபூச்சினுடையது. வெயிலின் புறஊதாக் கதிர்களை முதலில் ஏற்பதும் அதுவே. அதன் தடிப்பு 40, 50 மைக்கிரோன் அளவில் நின்றுவிடும்.

பழைய கார்களின் அமைப்பு வேறு. ஆதியில் கார்களுக்கு வார்னிசு பூசி, அது காய்வதற்கு வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூபொண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும் ‘டியூக்கோ’ என்னும் நைத்திரோசெலுலோசுத் தீந்தையைக் கொணர்ந்தன; ஒக்லண்ட் கார்கள் அதனாற் பூசப்பட்டன. விரைவில் உலர்ந்ததனால் அத்தொழிலே மாறிற்று. உலகெங்கும் பழைய கார்களை மீளப் பூசிய தொழிலாளர் செலுலோசுத் தீந்தையையே நெடுங்காலம் பயன்படுத்தினர். அதில் தெளிபூச்சு என்று தனியாக ஒன்றில்லை. நிறமும் மினுக்கமும் ஒரே படையில் அடங்கியவை. அதனைத் தேய்த்தால் துணியிலே நிறம் ஏறும்.

நமது உதாரணக் காருக்கு நேர்ந்த கேட்டின் வேர் இங்கேதான் இருக்கின்றது. நிலையத்தில் வேலை செய்த இளைஞர் புதிய ஜப்பானியக் கார்களையே கையாண்டு பழகியவர். அந்தக் கார்களின் கடினமான தெளிபூச்சுக்கு ஏற்ற முரடான தேய்பசையையும், வேகமாகச் சுழலும் இயந்திரத்தையும் இந்த மென்மையான பழந்தீந்தையின்மேல் அவர் செலுத்தினார். விளிம்புகளிலும் முகடுகளிலும் தீந்தை எப்போதும் மெல்லியதாகவே நிற்கும். தேய்ப்புச் சக்கரத்தின் அழுத்தமோ அங்கேதான் மிகும். மட்காட்டின் விளிம்பு வெளுத்ததற்குக் காரணம் இதுவே.

வட்டக் கீறல்களுக்குக் காரணம் இன்னும் எளியது. கார் செவ்வையாகக் கழுவப்படுமுன்னரே தேய்க்கப்பட்டது. காங்கேசன்துறை எத்தகைய இடம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் புழுதி காரின்மீது படியும். வாடை வீசும் மாதங்களிற் கடலின் உப்புத் திவலை படியும். 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1990 வரை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் சீமெந்துத் தூளும் இங்கு கார்களுக்கு ஒரு பகையாய் இருந்தது. பனியில் நனைந்த சீமெந்துத் தூள் தீந்தையோடு இறுகிவிடும் இயல்புடையது. தொழிற்சாலை நின்றுவிட்டது, மணலும் உப்பும் நிற்கவில்லை. மணலிலுள்ள படிகக்கல் உருக்கையே கீறவல்லது. தீந்தை அதற்கு எம்மாத்திரம்? துணியில் ஒரு மணல் அகப்பட்டால் அந்தத் துணி அரமாகிவிடும். கைகள் வட்டமாகச் சுழலும் தோறும் அரமும் சுழலும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஆனால் கதிரவனின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பித் தருபவை, ஒளிப்புள்ளியைச் சுற்றிக் குறுக்காகக் கிடக்கும் கீறல்களே. ஆகையால் எங்கு நின்று பார்த்தாலும் ஒளியைச் சூழ்ந்த வட்டங்களாகவே அவை தோன்றுகின்றன. வீட்டுக்குள் நின்ற காரிலே குற்றம் தெரியாமற் போனதற்கும் காரணம் இதுவே. பரந்த ஒளி கீறலை மறைக்கும். ஒற்றை ஒளி அதனைக் காட்டிக் கொடுக்கும். சில மெருகுப் பசைகளிலுள்ள எண்ணெயும் கீறல்களை நிரப்பிச் சில நாட்களுக்கு மறைத்துவிடும். ஆகவே, வேலை முடிந்த காரை வெயிலிலே நிறுத்திப் பார்த்த பின்னரே கூலியைக் கொடுத்தல் நன்று.

இனி, பரிகாரம். முதற் பரிகாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. குற்றத்தைக் கண்டவுடன், “திரும்பவும் கொண்டுபோய் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள்” என்றே எவர்க்கும் சொல்லத் தோன்றும். உதாரணக் குடும்பத்தின் மகனும் அவ்வாறே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால், கீறலைப் போக்குவது என்பதன் பொருள் யாது? கீறலுக்குள் எதனையும் இட்டு நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள தீந்தையையும் தேய்த்துத் தாழ்த்துவதே. ஒவ்வொரு மெருகும் இருப்பிலிருந்து எடுக்கும் செலவு. தீந்தை தோலைப்போல மீண்டும் வளராது.

ஆகவே இருப்பு எவ்வளவு என்று முதலில் அறியவேண்டும். தீந்தையின் தடிப்பை அளக்கும் சிறு கருவி உண்டு. காந்தத் தூண்டலினால் அது இரும்புத் தகட்டின் மேலுள்ள பூச்சை அளந்து காட்டும். கருவி இல்லாதவிடத்து நகமே கருவி. நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்தால், தடையின்றி ஓடுமாயின் கீறல் மேலோட்டமானது, மெருகினாற் போகும். நகம் இடறுமாயின் அது ஆழமானது. அதனைத் தேய்த்துப் போக்க முனைவது ஆபத்து. பூச்சு எவ்வகையினது என்பதையும் அறிதல் வேண்டும். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியிற் சிறிது மெருகுப் பசையிட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் நிறம் ஏறினால் அது ஒற்றைப் படைத் தீந்தை. புதிய காரிலே துணியில் நிறம் ஏறுமாயின், தெளிபூச்சே தீர்ந்துவிட்டது என்பது பொருள், உடனே நிறுத்தவேண்டும்.

அடுத்தது கழுவுதல். நிழலிலே, தகடு குளிர்ந்திருக்கும் வேளையிற் செய்யவேண்டும். முதலில் நீரை ஓடவிட்டு மணலை நீக்குதல். பின்னர் இரண்டு வாளிகள் வைத்து, ஒன்றிற் சவர்க்கார நீரும் மற்றதில் வெறும் நீருமாக, துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே சவர்க்கார நீரில் தோய்த்தல். மேலிருந்து கீழாகத் துடைத்தல். நிலத்தில் விழுந்த துணியை அன்று மீண்டும் காரில் வைக்கலாகாது. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வருவது. வெயிலிற் காயவிட்டால் வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். எனவே கழுவிய உடனே மென்றுணியால் ஒற்றி உலர்த்தவேண்டும். புள்ளிகள் விழுந்துவிட்டால், நீர் கலந்த வினாகிரியால் ஒற்றி, உடனே நல்ல நீரால் அலசினாற் கரையும்.

அதன் பின்னரே மெருகு. காரின் ஓரிடத்தில், இரண்டு கை அகலமுள்ள பகுதியில் மாத்திரம் சோதனை செய்யவேண்டும். மிக மென்மையான பசை, மிக மென்மையான பஞ்சு என்பவற்றோடு தொடங்கி, ஒற்றை விளக்கைப் பிடித்துப் பார்க்கவேண்டும். போதாதாயின் ஒருபடி முரடானதற்குச் செல்லலாம். முரடானதிலிருந்து தொடங்கி மென்மைக்கு வருவது பிழை. இயந்திரம் தேவையெனில், ஒரே அச்சில் வேகமாய்ச் சுழல்வதை விட, சுழன்றுகொண்டே இடம் மாறி அசையும் வகை பழகாத கைக்குப் பாதுகாப்பானது. விளிம்புகளின்மேல் முன்னரே ஒட்டுத்தாள் ஒட்டிவிடல் வேண்டும். செலுலோசுத் தீந்தையின்மேல் தின்னரைத் தொடவிடவே கூடாது, அது கரைந்துவிடும். மதுசார வகைத் திரவங்களையும் மறைவிடத்திற் சோதித்த பின்னரே பாவிக்கவேண்டும்.

ஈற்றில் மெழுகு. சிறந்த மெழுகுகளுள் ஒன்றான கார்ணௌபா, பிறேசில் நாட்டில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. பனை நாட்டவர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த ஓலை தன் ஈரத்தைக் காப்பதற்குச் சுரக்கும் மெழுகே, கடலோரத்துக் காரின் தீந்தையையும் காக்கின்றது. அது கீறலை ஆற்றாது. புதிய உப்பு நேராகத் தீந்தையிற் படாமற் சிறிது காலம் தடுத்து நிற்கும்.

இனி அந்த மட்காட்டு விளிம்பு. அங்கே மெருகினாற் பயனில்லை. உலோகம் வெளிப்பட்டால் காங்கேசன்துறைக் காற்றில் துரு நெடுநாள் காத்திராது. துரு தீந்தைக்குக் கீழே பரவிக் கொப்புளமாய் எழும். ஆகையால் மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் இதனைக் கவனித்தல் முறை. துருவின் சுவடிருந்தால் நுண்ணிய அரத்தாளால் நீக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துருத்தடை அடிப்பூச்சிட்டு, அது உலர்ந்த பின் நிறத்தை மெல்லிய தூரிகையாற் பல மென்படைகளாக இடவேண்டும். புதிய நிறம் பழைய நிறத்தோடு முற்றும் பொருந்தாது. பல ஆண்டு வெயிலைக் கண்ட நீலம் வேறு, கடையில் வாங்கும் நீலம் வேறு. அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழுதாக்கியவரோடு பேசும் முறையும் சொல்லப்படவேண்டியது. வெயிலில் எடுத்த ஒளிப்படங்களுடன், கோபம் தணிந்த பின், நிலையத்தின் உரிமையாளரிடமே செல்லுதல் தகும். எந்தப் பசை, எந்தச் சக்கரம் பாவிக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். பரிகாரம் செய்பவருக்கு அந்த விபரம் தேவைப்படும். இழப்பீட்டைக் கேட்பது உரிமை. ஆனால் பழுதாக்கிய கையிலேயே, ஒரு பாடமும் சொல்லிக்கொடாமல், அதே இயந்திரத்தை மீண்டும் கொடுப்பது அறிவுடைமையன்று. அந்த இளைஞருக்குப் பழந்தீந்தையைப் பற்றி எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய கராச்சுகளிற் கைவேலை கற்ற முதியவர்கள் குறைந்து வருகின்றனர். அவர்களுடைய கண்ணும் கையும் அடுத்த தலைமுறைக்கு இறங்கவில்லையாயின், இத்தகைய கார்களைக் காப்பாற்றப் பசையும் இயந்திரமும் போதா.

அந்த முற்றத்திற்குத் திரும்புவோம். மகன் காரை முழுவதுமாகச் சுரண்டிப் புதிதாய்ப் பூசிவிடலாம் என்கிறார். திருமண நாளுக்கு அது புதுக் கார் போல ஜொலிக்கும் என்பது அவர் எண்ணம். பாட்டனாரோ கதவின் கைபிடிக்குக் கீழே விரலை வைக்கிறார். அங்கே தீந்தை தேய்ந்து மழுங்கியிருக்கின்றது. அது எந்த இயந்திரமும் செய்ததன்று. அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து மூடிய கை செய்தது. இடம்பெயர்ந்த ஊரிலே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். புதிய தீந்தை அந்த அடையாளத்தையும் மூடிவிடும்.

முடிவில் குடும்பத்தார் செய்தது இதுதான். மட்காட்டு விளிம்பைத் துருவிலிருந்து காத்தார்கள். வட்டக் கீறல்களுள் மெல்லிய பசையினாற் போகக்கூடியவற்றை மாத்திரம், முதியவர் ஒருவரின் மேற்பார்வையில், அந்த இளைஞரைக் கொண்டே கையாற் போக்குவித்தார்கள். நகம் இடறியவற்றை அப்படியே விட்டார்கள். கதவின் கைபிடிப் பக்கம் எவரும் தொடவில்லை. திருமண நாளன்று, வெயிலை நேரே பார்க்கும் கோணத்தில் நின்றவர்களுக்குச் சில கீறல்கள் தெரிந்திருக்கும். மணமகள் பாட்டியின் கை பட்ட இடத்திலேயே தன் கையை வைத்துக் கதவைத் திறந்து ஏறினாள்.