கண்டதும் கற்றதும்
(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)

 

நமது கல்வி நிதியினின்றும் ஏழை மாணாக்கருக்குக் கைப்பேசி வாங்கித் தருவதென்னும் தீர்மானம் இச்சபையின் முன் வந்துள்ளது. நாம் அதனை மனப்பூர்வமாக ஆதரிக்கின்றோம். ஆயினும், கருவியைக் கொடுத்த மாத்திரத்தே கல்வியையும் கொடுத்துவிட்டோமென எண்ணுவது பெரும் பிழையாம்.

சென்ற வருஷம் நமது நிதியால் படித்த பிள்ளையொருவன், இரவெல்லாம் காணொளியிற் கணக்குப் பாடங்களைக் கண்டும் பரீட்சையில் தவறினான். வினவியபோது, "எல்லாம் தெரிந்த கணக்குகளே, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை" என்றான். அவன் பொய் சொல்லவில்லை; அவன் மனமே அவனை ஏமாற்றியது.

இம்மயக்கத்தை மனோதத்துவ சாஸ்திரிகள் பரிசோதித்துக் காட்டியுள்ளனர். 2018-ஆம் ஆண்டில் கார்டாஸ், ஓப்ரையன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், வட்டப் பலகையின் நடுவிற் சிறு அம்பை எறிந்து தைக்கும் காட்சியைச் சிலருக்கு 1 முறையும், வேறு சிலருக்கு 20 முறையும் காட்டினர். 20 முறை கண்டோர் தாமும் நன்றாக எறிவோமென நம்பினர். எறிந்தபோதோ, 1 முறை கண்டோரினும் அவர் மேம்பட்டாரல்லர். இணையத்தில் விடை தேடுவோர் நிலையும் இத்தகையதே. தேடிக் கண்டோர், தாம் தேடாத வேறு விஷயங்களிலுங்கூடத் தமக்கு அறிவு மிகுதியென மதித்துக்கொண்டதை யேல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். இரவல் நகையைப் பூண்டவர் அதனைத் தம்முடையதென மறந்தாற்போல்வதன்றோ இது?

இதற்குப் பரிகாரமும் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்போர் செய்த பரிசோதனையில், ஒரு பாடத்தை இருமுறை படித்தோர் ஒரு வாரத்திற்குப்பின் 100-க்கு 42 பங்கு நினைவு கூர்ந்தனர்; ஒருமுறை படித்து, பின் பாராமல் எழுதிப்பார்த்தோரோ 56 பங்கு நினைவு கூர்ந்தனர்.

ஆதலின், தீர்மானத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்குமாறு வேண்டுகின்றோம். பாடம் ஒன்று முடிந்தவுடன் மாணாக்கர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, கண்டதைத் தாமே ஏட்டில் எழுதிப்பார்த்தல் வேண்டும். அவ்வேடு மாதந்தோறும் சங்கத்தார் பார்வைக்கு வருக.

தாய்மார்களே! எழுத்தறியாத தாயும் இதற்கு உதவலாம். "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறுமிடமே அவன் மீண்டும் படிக்க வேண்டிய இடமாம். கூலி வேலை செய்வோரும் மிச்சம்பிடித்துத் தந்த பணம் நமது நிதி. அது வீண்போகாதிருக்க இச்சிறு கேள்வியே காவலாகுக.